ஆடியோ இன்டர்ஃபேஸ் அமைப்பு: குரல் தாமதமாகக் கேட்கிறது, மிருதங்கம் பின்னால் விழுகிறது, சுருதி ஏறுகிறது

ஐந்தரைக்கட்டை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவிகளுக்கு அனுப்பும் பாடங்களை இதுவரை கைபேசியில் பதிவு செய்துவந்தேன். அண்மையில் மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான, இரண்டு உள்ளீடுகள் கொண்ட யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றையும் ஒரு கண்டன்சர் மைக்கையும் வாங்கி, விண்டோஸ் 11 மடிக்கணினியில் ரீப்பர் என்ற பதிவு மென்பொருளுடன் இணைத்திருக்கிறேன். ஒலி வருகிறது, பதிவும் ஆகிறது. ஆனால் மூன்று சிக்கல்கள் தீரவில்லை.

முதலாவது, பாடும்போது என் குரலே ஹெட்போனில் சற்றுப் பின்தங்கி வருகிறது. பிருகா (அதிவேகச் சுர ஓட்டம்) விழும் இடங்களில் பாடவே முடியவில்லை. ஒலியைச் சேர்த்து வைக்கும் பஃபரின் அளவைக் குறைத்தால் தாமதம் குறைகிறது, ஆனால் கடுகு பொரிவது போன்ற சத்தம் பதிவில் ஏறிவிடுகிறது. இரண்டாவது, பதிவான என் பாட்டைக் கேட்டுக்கொண்டே தம்பி மிருதங்கம் வாசித்துத் தனி டிராக்கில் பதிவு செய்கிறான். வாசிக்கும்போது அவனுக்குச் சரியாக இருப்பது, திரும்பப் போட்டுக் கேட்டால் தாளத்துக்குப் பின்னால் விழுகிறது. மூன்றாவது, சில நாள்களில் தம்புரா டிராக்கின் சுருதி ஐந்தரைக் கட்டை என்ற சுருதி அளவிலிருந்து ஆறு கட்டைக்கும் மேலே ஏறிவிடுகிறது. ரீப்பரை மூடித் திறந்தால் பழையபடி ஆகிவிடுகிறது.

குறை சாதனத்திலா, நான் வைத்திருக்கும் அமைப்பிலா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழையகேபிள் எழுதியது:

அம்மா, இவை மூன்றும் தனித்தனிச் சிக்கல்கள். ஒன்றைச் சரிசெய்தால் மற்றவையும் சரியாகும் என்று எதிர்பார்த்து எல்லா அமைப்புகளையும் ஒரே நேரத்தில் மாற்றத் தொடங்கினால், எது எதைக் கெடுத்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. சாதனத்தைக் கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்வதற்கு முன் வரிசையாகப் பார்த்துவிடுவோம்.

முதலில் டிரைவர், அதாவது சாதனத்தைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள். ரீப்பரில் ஆப்ஷன்ஸ், பிரிஃபரன்சஸ், ஆடியோ, டிவைஸ் என்று போனால் ‘ஆடியோ சிஸ்டம்’ என்ற பெட்டி இருக்கும். அதில் வேவ்அவுட், டைரக்ட்சவுண்ட், வாசாபி, ஏஎஸ்ஐஓ எனப் பல தேர்வுகள் வரும். உங்களுக்கு வேண்டியது ஏஎஸ்ஐஓ. ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த இந்த முறை, விண்டோஸின் பொது ஒலிக்கலவையை, அதாவது யூடியூபின் ஒலியும் மின்னஞ்சல் வந்த மணியும் ஒன்றாகப் போய்ச் சேரும் அந்த இடத்தை, அடியோடு தவிர்த்துவிட்டு, பதிவு மென்பொருளை நேராகச் சாதனத்தோடு பேசவைக்கிறது. ஏஎஸ்ஐஓவைத் தேர்ந்த பிறகு அதன்கீழ் வரும் பட்டியலில் உங்கள் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் டிரைவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். சாதனத்தைச் செருகியதும் விண்டோஸ் தானாகவே ஒலி கொடுத்துவிடுவதால் பலர் டிரைவரை நிறுவாமலே விட்டுவிடுகிறார்கள்.

ஏஎஸ்ஐஓ4ஆல் என்ற பொது டிரைவரை நிறுவச் சொல்லும் காணொளிகள் ஏராளம். சொந்த ஏஎஸ்ஐஓ டிரைவர் இல்லாத சாதனங்களுக்கும், மடிக்கணினியின் உள்ஒலி அட்டைக்கும் அது நல்ல உதவிதான். நிறுவனமே டிரைவர் தந்திருக்கும்போது அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

அடுத்து பஃபர். கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாக வாங்குவதில்லை. குறிப்பிட்ட எண்ணிக்கையிலான சாம்பிள்கள், அதாவது ஒலியின் தனித்தனி அளவீடுகள், சேர்ந்ததும் ஒரு கட்டாக வாங்கிக்கொள்கிறது. நொடிக்கு 48,000 சாம்பிள் என்ற கணக்கில் 128 சாம்பிள் கட்டுக்கு 2.67 மில்லி விநாடி, 256க்கு 5.33, 512க்கு 10.67, 1024க்கு 21.33 மில்லி விநாடி ஆகும். உங்கள் குரல் உள்ளே போக ஒரு கட்டு, வெளியே வர ஒரு கட்டு. ஆகவே 512 என்று வைத்திருந்தால் பஃபருக்கு மட்டுமே 21 மில்லி விநாடிக்கு மேல் போய்விடும். ஒலியை எண்ணாக மாற்றும் பகுதிக்கும், மீண்டும் ஒலியாக்கும் பகுதிக்கும், டிரைவர் தன் பாதுகாப்புக்கென்று ஒதுக்கிக்கொள்வதற்கும் ஆகும் நேரத்தை இதற்கு மேல் கூட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது எந்த டிரைவர், எந்த பஃபர் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஐந்தரைக்கட்டை எழுதியது:

ஐயா, பார்த்தேன். டைரக்ட்சவுண்ட் என்று இருந்தது. நிறுவனத்தின் டிரைவரை நிறுவி ஏஎஸ்ஐஓவுக்கு மாற்றிய பிறகு தாமதம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. இப்போது பஃபர் 256. பேசும்போது தெரிவதில்லை, ஆனால் பாடும்போது குரலுக்குள் ஒரு குழாய்ச் சத்தம் போலக் கேட்கிறது. 64க்கு இறக்கினால் மறுபடியும் பொரியும் சத்தம் வருகிறது.

குறைந்தபஃபர் எழுதியது:

அக்கா, 64இல் பொரிகிறது என்றால் உங்கள் கணினியில் வேறு ஏதோ ஒன்று ஒலிக்கான நேரத்தைத் தின்கிறது என்று பொருள். 64 சாம்பிள் என்றால் கணினிக்குக் கிடைப்பது 1.33 மில்லி விநாடி. அதற்குள் அடுத்த கட்டு தயாராகாவிட்டால் அந்த இடத்தில் ஓர் ஓட்டை விழுகிறது, அதுதான் காதில் பொரிகிறது. இதற்குச் செயலியின் வேகம் மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. வைஃபை டிரைவர், மின்கல நிலையைக் கவனிக்கும் டிரைவர் போன்றவை சில மில்லி விநாடிகள் செயலியை விடாமல் பிடித்து வைத்துக்கொண்டாலே போதும். லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியைச் சிறிது நேரம் ஓடவிட்டால் எந்த டிரைவர் அப்படிச் செய்கிறது என்று பெயரோடு காட்டும்.

பதிவு நேரத்தில் வைஃபையை அணைத்துவிடுங்கள். மின் திட்டத்தை உயர் செயல்திறனுக்கு மாற்றுங்கள். அதே இடத்தில் மேம்பட்ட அமைப்புகளுக்குள் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்று ஒன்று இருக்கும், அதை முடக்குங்கள். இன்டர்ஃபேஸை ஹப்பில் செருகாமல் மடிக்கணினியிலேயே நேராகச் செருகுங்கள். வேகம் போதாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு சேனல், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்றாலும் ஒரு திசைக்கு 4.6 மெகாபிட்தான், யூஎஸ்பி 2.0வின் அளவோ 480 மெகாபிட். ஹப்பில் சிக்கல் மின்சாரத்தில் வருகிறது. ஒரு யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர். அதை வெப்கேமும் பென்டிரைவும் பங்கு போட்டுக்கொண்டால், கண்டன்சர் மைக்குக்கு 48 வோல்ட் கொடுக்க வேண்டிய இன்டர்ஃபேஸ் தடுமாறும்.

இவற்றைச் செய்தால் 64இல் நிம்மதியாகப் பாடலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பழையகேபிள் எழுதியது:

குறைந்தபஃபர் சொன்ன கணினிச் சீரமைப்பு முழுக்கச் சரி, பொரியும் சத்தத்துக்கு அதுதான் வழி. ஆனால் ஒரு பாடகிக்கு 64ஐ நோக்கி ஓடச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தன் குரலைக் கணினி வழியாகச் சுற்றவிட்டுக் கேட்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை.

அம்மா, உங்கள் இன்டர்ஃபேஸின் முகப்பில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தானோ, ஒருபுறம் இன்புட் மறுபுறம் பிளேபேக் என்று எழுதிய ஒரு திருகோ இருக்கும். அதை இயக்கினால் மைக்கின் ஒலி யூஎஸ்பிக்குப் போகும் முன்பே பிரிந்து நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும். பஃபர் 64 என்றாலும் 1024 என்றாலும் அந்தப் பாதைக்கு ஒன்றுதான். அப்படி வைத்துக்கொண்டால் ரீப்பரில் உங்கள் டிராக்கில் உள்ள சிறிய ஸ்பீக்கர் சின்னத்தை, அதாவது இன்புட் மானிட்டரை, கட்டாயம் அணைத்துவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து இயங்கினால் ஒரே குரல் நேராக ஒருமுறையும் சில மில்லி விநாடி கழித்து ஒருமுறையும் காதுக்கு வரும். சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட, மிச்சம் குழாய்க்குள் பேசுவது போலத்தான் ஒலிக்கும்.

நீங்கள் சொன்ன குழாய்ச் சத்தத்துக்குக் காரணம் இதுவாக இருக்கலாம். டைரக்ட் மானிட்டர் ஏற்கெனவே அணைந்திருந்தால் வேறொரு விளக்கம் உண்டு. பாடுகிறவருக்குத் தன் குரல் எலும்பின் வழியாகத் தாமதமே இல்லாமல் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. கிட்டார் வாசிப்பவர் தன் ஒலிபெருக்கியிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்றாலே 10 மில்லி விநாடி ஆகிவிடும், அவருக்கு அது உறுத்தாது. பாடகருக்கு அதில் பாதியே உறுத்தும், ஏனென்றால் அவர் தலைக்குள்ளேயே இரண்டு குரல்களும் சந்திக்கின்றன.

குறைந்தபஃபர் எழுதியது:

ஐயா, டைரக்ட் மானிட்டரில் கேட்பது வறண்ட குரல். கொஞ்சம்கூட ரிவெர்ப், அதாவது கூடத்தில் பாடுவது போன்ற எதிரொலி, இல்லாமல் பாடினால் யாருக்கும் மனம் ஒட்டாது. எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும் எனக்கோ டைரக்ட் மானிட்டரில் தந்தியின் சொறசொறப்பு மட்டும்தான் கேட்கும். ஆம்ப் ஒலி மென்பொருளுக்குள் இருக்கிறது. எனக்கு 64ஐ விட்டால் வேறு வழியில்லை.

பழையகேபிள் எழுதியது:

கிட்டார் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நியாயம். ஒலியே மென்பொருளுக்குள் பிறக்கும்போது குறைந்த பஃபர் இல்லாமல் முடியாது.

குரலுக்கு ரிவெர்ப் வேண்டுமென்றால் இப்படிச் செய்யலாம். நேர்க்குரலை டைரக்ட் மானிட்டரில் கேளுங்கள். ரீப்பரில் ரிவெர்புக்கென்று தனி டிராக் ஒன்று போட்டு, அதில் டிரை (நேர் ஒலி) அளவை முழுக்க இறக்கி வெட் (எதிரொலி) மட்டும் வையுங்கள். குரல் டிராக்கிலிருந்து அதற்கு ஒரு சென்ட் (ஒலியை அனுப்பும் இணைப்பு) கொடுத்து, குரல் டிராக்கின் மாஸ்டர் சென்டை (முதன்மை வெளியீட்டுக்குப் போகும் இணைப்பை) எடுத்துவிட்டு, இன்புட் மானிட்டரை இயக்குங்கள். இப்போது கணினி வழியாகத் திரும்பி வருவது ரிவெர்பின் எதிரொலி மட்டும். குரலின் இரண்டாம் பிரதி அதில் கிடையாது. எதிரொலி பத்து மில்லி விநாடி தாமதமாக வந்தால் யாருக்கும் தெரியாது. ரிவெர்ப் கருவிகளில் பிரீடிலே என்று ஒரு திருகு வைத்து அந்தத் தாமதத்தை நாமாகவே கூட்டுவதுண்டு, அது இங்கே இலவசமாகக் கிடைக்கிறது. பதிவு முடிந்து கேட்கும்போது மாஸ்டர் சென்டைத் திரும்பப் போட மறந்தால் குரலின் ஆவி மட்டும் கேட்கும். பதறிப்போய் பதிவை அழித்துவிடாதீர்கள்.

ஐந்தரைக்கட்டை எழுதியது:

ஐயா, டைரக்ட் மானிட்டரும் ரீப்பரின் மானிட்டரும் சேர்ந்தே இயங்கிக்கொண்டிருந்தன. நீங்கள் சொன்னபடி ரிவெர்பை மட்டும் கணினி வழியாக எடுத்ததும் முதல் சிக்கல் முற்றிலும் தீர்ந்தது. பஃபரை 512க்கு உயர்த்தியும் பாட முடிகிறது, பொரியும் சத்தமும் நின்றுவிட்டது.

மிருதங்கம் மட்டும் அப்படியே பின்னால்தான் விழுகிறது. ஏஎஸ்ஐஓவுக்கு மாறிய பிறகும், பஃபர் 128 ஆனாலும் 512 ஆனாலும் அதே அளவு.

இருமுகம் எழுதியது:

டீச்சர், நான் மிருதங்கம் வாசிக்கிறவன், பதிவும் செய்கிறவன். “பின்னால் விழுகிறது” என்றால் எவ்வளவு என்று முதலில் அளந்து சொல்லுங்கள். குரல் டிராக்கில் நீங்கள் தாளம் தட்டிய சத்தமோ, மெட்ரோனோம் கிளிக்கோ இருக்கும் இடத்தையும், அதே அட்சரத்தில் தம்பி வாசித்த சொல் தொடங்கும் இடத்தையும் பெரிதாக்கிப் பார்த்தால், இரண்டுக்கும் உள்ள தூரம் எத்தனை மில்லி விநாடி என்று தெரிந்துவிடும். ஒரு சொல்லை மட்டும் பார்க்காமல் பாட்டின் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடங்களில் பாருங்கள். தூரம் போகப் போகக் கூடினால் அது கடிகாரச் சிக்கல், அதாவது சாதனத்தின் ஓட்ட வேகம் பிசகுகிறது. எங்கும் ஒரே அளவாக இருந்தால் அது நிலையான தாமதம், எளிதாகப் பிடித்துவிடலாம்.

ஐந்தரைக்கட்டை எழுதியது:

மெட்ரோனோம் நிமிடத்துக்கு 80, ஆதி தாளம். மூன்று இடங்களிலும் 190 மில்லி விநாடியை ஒட்டியே வருகிறது. தம்பியின் கைவாகில் அங்கொன்றும் இங்கொன்றும் சில மில்லி விநாடி முன்பின் இருக்கிறது, அவ்வளவுதான்.

இருமுகம் எழுதியது:

நிமிடத்துக்கு 80 என்றால் ஓர் அட்சரத்துக்கு 750 மில்லி விநாடி. சதுஸ்ர நடையில் அதன் கால் பங்கு 187.5. தம்பியின் வாசிப்பு கிட்டத்தட்ட ஒரு மாத்திரை முழுதாகத் தள்ளி விழுந்திருக்கிறது. கேட்பதற்குச் சொற்கள் குழம்பியது போல இல்லாமல், எடுப்பு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்) மாறிப்போனது போல இருந்திருக்க வேண்டும்.

இந்த அளவை வைத்தே சிலவற்றைத் தள்ளிவிடலாம். பஃபர் 128 ஆனாலும் 512 ஆனாலும் மாறவில்லை என்றால் அது பஃபரால் வந்ததில்லை. மைக்குக்கும் தோலுக்கும் உள்ள தூரத்தால் வந்ததுமில்லை. ஒலி ஒரு மில்லி விநாடியில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகிறது, மைக்கை ஒரு முழம் தள்ளி வைத்தாலும் ஒன்றரை மில்லி விநாடிதான்.

பதிவு மென்பொருள் தாமதத்தை எப்படி ஈடுகட்டுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ரீப்பர் பாட்டை வெளியே அனுப்புகிறது, அது தாமதமாகத் தம்பியின் காதுக்குப் போகிறது, அவன் வாசிப்பது இன்னும் தாமதமாக உள்ளே வருகிறது. இந்த இரண்டு தாமதமும் எவ்வளவு என்று ரீப்பர் டிரைவரைக் கேட்கிறது. டிரைவர் சொன்ன அளவுக்குப் புதிய பதிவை முன்னால் இழுத்து வைக்கிறது. டிரைவர் குறைத்துச் சொன்னால் வாசிப்பு பின்னால் விழும், கூட்டிச் சொன்னால் முன்னால் ஓடும். டிரைவர் சொல்வது உண்மையா என்பதை ஒரு கேபிளை வைத்தே சோதித்துவிடலாம்.

இன்டர்ஃபேஸின் பின்பக்கத்திலுள்ள லைன் அவுட்புட் ஒன்றிலிருந்து இரண்டாம் உள்ளீட்டுக்கு ஒரு டிஆர்எஸ் கேபிளைப் போடுங்கள். அந்த உள்ளீட்டை லைன் நிலைக்கு மாற்றி, கெயினை (உள்ளீட்டின் ஒலிப் பெருக்கத்தை) முழுக்க இறக்கி, டைரக்ட் மானிட்டரையும் ரீப்பரின் இன்புட் மானிட்டரையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் வெளியே போவதே உள்ளே வந்து மறுபடி வெளியே போய் ஊளையிடும். ஹெட்போனையும் காதிலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள். ஒரு டிராக்கில் கூர்மையான கிளிக் ஒலிகள் சிலவற்றை வைத்து, இன்னொரு டிராக்கை இரண்டாம் உள்ளீட்டுக்குத் தயார்செய்து பதிவு செய்யுங்கள். பிறகு மூலக் கிளிக்கும் பதிவான கிளிக்கும் தொடங்கும் இடங்களைத் தனித்தனிச் சாம்பிள்கள் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கி, இடையில் எத்தனை சாம்பிள் என்று எண்ணுங்கள். மேலேயுள்ள அளவுகோலில் வலது சொடுக்கி அலகைச் சாம்பிள் என்று மாற்றிக்கொண்டால் எண்ணுவது எளிது.

வீணைத்தந்தி எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், உள்ளீட்டை லைன் நிலைக்கு மாற்றுவது பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். என் வீணையில் ஒட்டியிருக்கும் கான்டாக்ட் மைக்கை இன்டர்ஃபேஸில் செருகினால் மந்தர ஸ்தாயி ஒட்டடைபோல் மெலிந்து கேட்கிறது. கச்சேரிகளில் அதே மைக் நன்றாகத்தான் இருக்கிறது.

பழையகேபிள் எழுதியது:

அந்த மைக், அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ வகையைச் சேர்ந்ததாக இருக்கும். அதற்குப் பத்து லட்சம் ஓம், அதாவது ஒரு மெகாஓம் அளவுக்கு எதிர்ப்பு உள்ள உள்ளீடு வேண்டும். லைன் உள்ளீட்டில் இருப்பது சில ஆயிரம் அல்லது சில பத்தாயிரம் ஓம்தான். பீசோ ஒரு கெப்பாசிட்டரைப் போல நடந்துகொள்வதால், குறைந்த எதிர்ப்போடு சேரும்போது கீழ் ஸ்தாயியை வடிகட்டிவிடும். இன்ஸ்ட் என்றோ ஹை-இசட் என்றோ எழுதிய பொத்தானை அழுத்தினால் தடிமன் திரும்பி வரும். கச்சேரியில் நன்றாக இருப்பதற்குக் காரணம் இடையில் அந்த எதிர்ப்பைத் தரும் பிரீஆம்போ டிஐ பெட்டியோதான்.

ஐந்தரைக்கட்டை எழுதியது:

சோதனையைச் செய்து பார்த்தேன். 48 கிலோஹெர்ட்ஸில், பஃபர் 128இல், பதிவான கிளிக் 212 சாம்பிள் பின்னால் இருக்கிறது.

இருமுகம் எழுதியது:

212ஐ 48ஆல் வகுத்தால் 4.4 மில்லி விநாடி. டிரைவர் அந்த அளவுக்குக் குறைத்துச் சொல்கிறது. இதைத் திருத்துவது நல்லதுதான், எப்படி என்று கீழே சொல்கிறேன். ஆனால் கேபிள் வழியாகப் போய்வருவதில் 4.4தான் பிழை, மிருதங்கத்திலோ 190. மீதி 185 மில்லி விநாடியும் இந்தக் கேபிள் தொடாத இடத்தில் இருக்க வேண்டும். அவுட்புட் துளைக்குப் பிறகு தம்பியின் காது வரையிலும், அவனுடைய மிருதங்கத்திலிருந்து இன்புட் துளை வரையிலும் என்னென்ன இருக்கின்றன? தம்பி எந்த ஹெட்போனில் கேட்கிறான்?

ஐந்தரைக்கட்டை எழுதியது:

நான் பயன்படுத்தும் ஹெட்போனின் கம்பி அவன் தரையில் அமர்ந்து வாசிக்கும் இடத்துக்கு எட்டாது. ஆகவே இன்டர்ஃபேஸின் ஹெட்போன் துளையில் ஒரு சிறிய புளூடூத் அனுப்பியைச் செருகி, அவனுடைய கம்பியில்லா ஹெட்போனில் கேட்கிறான்.

இருமுகம் எழுதியது:

அதுதான் காரணம். புளூடூத் ஒலியைச் சுருக்கி அனுப்பி விரித்துக் கொடுப்பதற்குள் நூறு மில்லி விநாடிக்கு மேல் எளிதாகப் போய்விடும். மலிவான அனுப்பிகளில் இருநூறும் ஆகும். தம்பி உங்கள் பாட்டை அவ்வளவு தாமதமாகக் கேட்கிறான், தன் மிருதங்கத்தையோ காற்று வழியாக உடனே கேட்கிறான். அவன் காதில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன, ஆகவே அவன் வாசிப்பில் ஒரு குறையும் இல்லை. அனுப்பி இருப்பது ரீப்பருக்கும் தெரியாது, டிரைவருக்கும் தெரியாது. ஆகவே யாரும் அந்தத் தாமதத்தை ஈடுகட்டவில்லை. மூன்று மீட்டர் ஹெட்போன் நீட்டிப்புக் கம்பி ஒன்று வாங்கிவிடுங்கள். ஏற்கெனவே பதிவான மிருதங்க டிராக்குகளை வீணாக்க வேண்டாம். தூரம் நிலையானது என்பதால் டிராக் முழுவதையும் ஒரே பிடியாக 190 மில்லி விநாடி முன்னால் இழுத்தால் உட்கார்ந்துவிடும். காதால் கேட்டுச் சில மில்லி விநாடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

212 சாம்பிளுக்கு: பிரிஃபரன்சஸில் ஆடியோவின்கீழ் ரெக்கார்டிங் பக்கத்தில், டிரைவர் சொல்லும் தாமதத்தைப் பயன்படுத்து என்ற குறி இருக்கும், அதை அப்படியே விடுங்கள். அதன் அருகில் இன்புட் மேனுவல் ஆஃப்செட் என்ற பெட்டியில் சாம்பிள் என்ற இடத்தில் 212 என்று இட்டு, கேபிள் சோதனையை மறுபடி செய்யுங்கள். கிளிக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தால் முடிந்தது. இடைவெளி இரட்டிப்பானால் எண்ணுக்கு முன் கழித்தல் குறி போடுங்கள்.

ஐந்தரைக்கட்டை எழுதியது:

நீட்டிப்புக் கம்பி போட்டாயிற்று, மிருதங்கம் உட்கார்ந்துவிட்டது. பழைய டிராக்குகளையும் இழுத்துச் சரிசெய்துவிட்டேன். மிக்க நன்றி.

மூன்றாவது சிக்கல் மட்டும் நிற்கிறது. இன்று மாணவியின் காணொளி ஒன்றை உலாவியில் திறந்து கேட்ட பிறகு தம்புராவின் சுருதி மறுபடி ஏறிவிட்டது.

பழையகேபிள் எழுதியது:

உலாவி என்று சொன்னதும் விளங்கிவிட்டது. இன்டர்ஃபேஸுக்குள் ஒரே ஒரு கடிகாரம்தான் இருக்கிறது. ஒரு நேரத்தில் அது 44.1 கிலோஹெர்ட்ஸில் ஓடும், அல்லது 48இல் ஓடும்; நொடிக்கு எத்தனை சாம்பிள் என்ற இந்த அளவுதான் சாம்பிள் ரேட். உங்கள் ரீப்பர் புராஜெக்ட் 44.1 என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, உலாவிக்காக விண்டோஸ் அதே சாதனத்தை 48க்கு மாற்றிவிடுகிறது. சில டிரைவர்கள் இதைத் தடுக்கும், சில ரீப்பருக்குத் தகவல் சொல்லும், சில இரண்டும் செய்யாது. அப்போது 44,100 என்று எண்ணி அனுப்பிய சாம்பிள்கள் நொடிக்கு 48,000 வீதம் ஓடும். விகிதம் 1.088, சுருதியில் ஏறக்குறைய ஒன்றரை அரைஸ்வரம் ஏறும். ஐந்தரைக் கட்டை, ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவில் எதிலும் சேராத ஓர் இடத்தில் போய் நிற்கும். ஒரு நிமிடப் பாட்டு 55 விநாடியில் முடியும்.

அந்த நிலையில் நீங்கள் பாடியும் பதிவு செய்திருந்தால் ஒரு வேடிக்கை நடந்திருக்கும். பிறகு சரியான ரேட்டில் போடும்போது தம்புராவும் குரலும் சேர்ந்தே இறங்கும். சுருதி சுத்தமாக இருக்கும், ஆனால் குரல் தடித்து, காலப்பிரமாணம் தளர்ந்து, உங்கள் அக்கா பாடியது போலக் கேட்கும்.

திருத்தம் எளிது. விண்டோஸின் சவுண்ட் அமைப்பில் இயல்பு ஒலி வெளியீட்டை மடிக்கணினியின் சொந்த ஸ்பீக்கருக்கே மாற்றிவிடுங்கள். உலாவி இனி இன்டர்ஃபேஸைத் தொடாது. அதே பக்கத்தில் இன்டர்ஃபேஸின் அட்வான்ஸ்ட் தாவலில் 24 பிட், 48,000 என்று வையுங்கள். ரீப்பரின் டிவைஸ் பக்கத்தில் ரிக்வெஸ்ட் சாம்பிள் ரேட்டைக் குறியிட்டு 48,000 என்று தருங்கள், புராஜெக்ட் அமைப்பிலும் அதே எண். காணொளியோடு சேரும் ஒலிக்கு 48தான் வழக்கம், ஆகவே உங்கள் பாடங்களுக்குப் பொருந்தும். 96 வேண்டாம், கணினிக்கு இரட்டிப்பு வேலை, கோப்பும் இரட்டிப்பு அளவு. பழைய 44.1 தம்புராக் கோப்பை மாற்ற வேண்டியதில்லை, ரீப்பர் தானே கணக்கிட்டு ஒலிக்கும்.

ஐந்தரைக்கட்டை எழுதியது:

அப்படி ஒரு பைரவி வர்ணம் இருக்கிறது ஐயா! கேட்டவர்கள் தொண்டை கட்டியிருக்கிறதா என்று கேட்டார்கள். அதை மீட்க வழி உண்டா?

பழையகேபிள் எழுதியது:

உண்டு. அந்த ஐட்டத்தின் (டிராக்கில் உள்ள பதிவுத் துண்டின்) பண்புகளைத் திறந்து, பிளே ரேட்டை 1.088435 என்று மாற்றி, சுருதியைக் காப்பாற்று என்ற குறியை எடுத்துவிடுங்கள். குரல் உங்கள் குரலாகிவிடும். ஆனால் சுருதி ஆறேகாலில் இருக்கும், ஏனென்றால் நீங்கள் உண்மையில் பாடியது அந்தச் சுருதியில்தான். பின்னால் ஓடும் தம்புரா டிராக்குக்கும் அதே எண்ணைக் கொடுக்க வேண்டும்.

குறைந்தபஃபர் எழுதியது:

கெயின் பற்றி யாரும் சொல்லவில்லை. அக்கா, கெயின் வைக்கும்போது “ஒன்று, இரண்டு, மூன்று” என்று பேசி வைக்காதீர்கள். வர்ணத்தில் மேல் பஞ்சமத்தைத் தொடும் இடத்தை முழுக் குரலில் பாடி, உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கும்படி வையுங்கள். 24 பிட்டில் கோட்பாட்டளவில் 144 டெசிபல் இடம் இருக்கிறது; அதில் 12ஐ விட்டுக்கொடுப்பதால் எதுவும் குறையாது, உங்கள் அறையின் மின்விசிறிச் சத்தம் அதற்கு வெகு மேலே இருக்கிறது. உள்ளீட்டிலேயே சிவப்பு எரிந்து பிளந்த ஒலியை ரீப்பரில் ஃபேடரை இறக்கிச் சரிசெய்ய முடியாது. குரல் டிராக்கின் உள்ளீடு மோனோ 1 என்று இருக்கட்டும், ஸ்டீரியோ என்று இருந்தால் குரல் இடது காதில் மட்டும் கேட்கும். 48 வோல்ட் பொத்தானை அழுத்தும் முன் ஹெட்போன் அளவை இறக்கிவிடுங்கள்.

பெங்குவின்பெட்டி எழுதியது:

மேக்கிலும் லினக்ஸிலும் இந்த இழையைப் படிப்பவர்களுக்காக: மேக்கில் அதனோடு வரும் கோர் ஆடியோவே போதும், ஏஎஸ்ஐஓ தேவையில்லை, சாம்பிள் ரேட்டை ஆடியோ மிடி செட்டப்பில் பார்த்துக்கொள்ளலாம். லினக்ஸில் பைப்வயர் என்ற ஒலி அமைப்பு இருந்தால் பிடபிள்யூ-டாப் கட்டளை இப்போது எந்த ரேட்டில், எத்தனை சாம்பிள் கட்டில் ஓடுகிறது என்று காட்டும். கேபிள் சோதனை எல்லா இடத்திலும் ஒன்றேதான்.

ஐந்தரைக்கட்டை எழுதியது:

விண்டோஸின் ஒலி வெளியீட்டை மாற்றிய பிறகு எத்தனை காணொளி திறந்தாலும் தம்புரா நகரவில்லை. கடைசியாக ஒரு கேள்வி: பதிவின்போது 128உம், பிறகு கலவை செய்யும்போது 512உம் வைத்தால், 212 என்ற அந்த எண்ணையும் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டுமா?

இருமுகம் எழுதியது:

கலவையின்போது புதிதாக எதையும் பதிவு செய்யாததால் அங்கே அந்த எண்ணுக்கு வேலையே இல்லை. 512 வைத்துப் பதிவு செய்வதாக இருந்தால்தான் கேள்வி. பஃபரின் பங்கை டிரைவர் சரியாகக் கணக்கிட்டு, ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் ஆக்கும் மாற்றிகளின் பங்கை மட்டும் விட்டுவிடுகிறது என்றால் எண் எல்லா பஃபருக்கும் ஒன்றாகவே இருக்கும். 512இல் ஒருமுறை கேபிளைப் போட்டுப் பாருங்கள். சாம்பிள் ரேட்டை மாற்றினால் மட்டும் எப்படியும் புதிதாக அளக்க வேண்டும்.

ஐந்தரைக்கட்டை எழுதியது:

ஆஃப்செட்டை எடுத்துவிட்டு 512இல் அளந்தேன். அதே 212.